உருண்ட போல்ட்டும் பிர்சிக்கின் திருகாணியும்

எட்டு வருடங்களுக்கு முன்பு இதே தளத்தில் ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருந்தேன். அதில் 24-ஆம் அத்தியாயத்தைத்தான் அதிகம் புகழ்ந்திருந்தேன். இயந்திரங்களைப் பற்றி இவ்வளவு நேர்மையாக வேறு யாரும் எழுதவில்லை என்கிற அளவுக்குப் போயிருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தபின் அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அன்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

புத்தகத்தைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. 1968 ஜூலையில் பிர்சிக் தன் மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மினியாபொலிஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மோட்டார் சைக்கிளில் போனார். 17 நாள் பயணம். அந்தப் பயணத்தையே கதையாகவும் தத்துவமாகவும் எழுதினார். 121 பதிப்பகங்கள் வேண்டாம் என்று சொன்னபின் 1974-இல் புத்தகம் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. வண்டியைத் தானே பார்த்துக்கொள்வது என்பது வெறும் ரிப்பேர் வேலை இல்லை, உலகத்தோடு நாம் எப்படி உறவு வைத்திருக்கிறோம் என்பதன் சோதனை அது. புத்தகத்தின் அடிநாதம் இதுதான்.

24-ஆம் அத்தியாயத்தில் ஒரு திருகாணி வருகிறது. எஞ்சின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும், ஒரு திருகாணி மட்டும் அசைய மறுக்கிறது. கையேட்டைப் பார்த்தால், மூடியைக் கழற்றவும் என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. பலம் கொடுத்துத் திருகுகிறீர்கள், திருகாணியின் தலையில் இருக்கும் காடி பிய்ந்துவிடுகிறது. முடிந்தது கதை. இந்த ஒரு திருகாணிக்காக முழு வண்டியும் நிற்கிறது. அப்படியென்றால் இந்த நிமிடத்தில் அந்தத் திருகாணியின் விலை முழு வண்டியின் விலைக்குச் சமம் என்கிறார் பிர்சிக். அடுத்து அவர் சொல்வதுதான் புத்தகத்தின் புகழ்பெற்ற இடம். இப்படிச் சிக்கி நிற்பதைப் பார்த்து பயப்படாதீர்கள், இது நல்ல நிலை. ஜென் துறவிகள் புதிர்களை வைத்தும் மூச்சுப் பயிற்சி செய்தும் வரவழைக்கப் பாடுபடும் வெறுமையான மனம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அப்படியே இருங்கள், வழி தானாக வரும்.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்றால் அன்று நான் எந்தத் திருகாணியிலும் சிக்கியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். கார் பதினைந்து வயதான சின்ன கார். முன்பக்க பிரேக் டிஸ்க்குகள் தேய்ந்துவிட்டன, நானே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். டிஸ்க்கை எடுக்க வேண்டுமானால் கேலிபரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும். அதை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. மேல் போல்ட் கொஞ்சம் முனகிவிட்டு வந்துவிட்டது. கீழ் போல்ட் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடும். போல்ட்டின் மறைக்கும் அது உட்கார்ந்திருக்கும் துளையின் மறைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கோ முடிக்கற்றை அளவுதான். அதற்குள் துரு வளர்ந்தால் போக இடமில்லாமல் இரண்டு பக்கமும் ஆப்பு அடித்த மாதிரி நெரிக்கும். கடற்காற்றில் இருக்கும் உப்பு இந்த வேலையை வேகப்படுத்தும். முடுக்கும்போது கொடுத்த விசையைவிட அதிகம் கொடுத்தால்தான் அந்த போல்ட் அசையும்.

கொடுத்தேன். வீட்டில் இருந்தது பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர். போல்ட்டின் தலைக்கு ஆறு மூலைதான். பன்னிரண்டு மூலை ஸ்பேனரை எந்தக் கோணத்திலும் மாட்டலாம் என்பது அதன் வசதி. ஆனால் அது தலையை ஏறக்குறைய மூலைகளில் மட்டும்தான் பிடிக்கும். ஆறு மூலை சாக்கெட் என்றால் தட்டையான பக்கங்களிலும் விசை பரவும். புது போல்ட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. துரு தின்று மூலைகள் ஏற்கெனவே மெலிந்துபோன 14 எம்எம் தலையில் நன்றாகவே தெரியும். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. 'ஆஹா, வருது' என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாவதில் ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டி போய் பிராக்கெட்டில் இடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் போல்ட்டின் தலை கோலிக்குண்டு மாதிரி பளபளவென்று உருண்டு போயிருந்தது. இரண்டாவது இழுப்பில் அசைந்தது போல்ட் இல்லை, அதன் மூலைகள்.

இதற்குப் பிறகு நான் பிர்சிக் சொன்னதைச் செய்தேன் என்றால் நம்புவீர்களா? நிஜமாகவே செய்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனம் வெறுமையாகத்தான் இருந்தது. வழி எதுவும் வரவில்லை. மறுநாள் காலை அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்கிற ஞாபகம் மட்டும் வந்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் புத்தகத்தை எடுத்தபோது என் கண்ணில் பட்டது 24-ஆம் அத்தியாயம் இல்லை, இரண்டாம் அத்தியாயம். முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துபோன பக்கங்கள் அவை. பிர்சிக்கின் வண்டி எஞ்சின் இறுகி நின்றுவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோகிறார். அங்கே சின்னப் பையன்கள், ரேடியோ அலறுகிறது, சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். ஒருவன் சரியாக அளவு வைக்காத ஸ்க்ரூ ஸ்பேனரை மாட்டித் திருகி டேப்பட் மூடிகளை உருட்டிவிடுகிறான். பிறகு சுத்தியலும் உளியும் கொண்டுவந்து அடிக்கிறான். உளி அலுமினிய மூடியைத் துளைத்துக்கொண்டு போகிறது. கடைசியில் பார்த்தால் வண்டியின் கோளாறு எண்ணெய் போகும் வழியில் இருந்த 25 சென்ட் பின் ஒன்று முறிந்ததுதான். இந்தப் பையன்கள் ஏன் இப்படி நாசம் செய்தார்கள் என்று பிர்சிக் யோசிக்கிறார். அவர் கண்டுபிடிக்கும் விடை: அக்கறை இல்லை. வேலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

இந்த இரண்டு அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடந்தது ஒரே விபத்து. பட்டறைப் பையன் தலையை உருட்டினால் அது அக்கறையின்மை, நாகரிகத்தின் நோய்க்கு அறிகுறி. வண்டிக்குச் சொந்தக்காரர் காடியைப் பிய்த்தால் அது ஞானத்துக்கு வாசல். இந்தக் கணக்கு எனக்கு இப்போது இடிக்கிறது.

பிர்சிக்கின் கோபம் நியாயமில்லை என்று சொல்ல வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வண்டியை உடைத்தால் கோபம் வரத்தான் செய்யும். அவர் போட்ட நோய்க்கணிப்பைத்தான் கேள்வி கேட்கிறேன். என் போல்ட்டை நான் அக்கறை இல்லாமல் உருட்டவில்லை. ரேடியோ இல்லை, போனை சைலன்ட்டில் போட்டிருந்தேன். திருப்பும் திசையை மூன்று முறை சரிபார்த்தேன், ஏனென்றால் பின்பக்கமாகப் படுத்துப் பார்க்கும்போது கழற்றும் திசை தலைகீழாகத் தெரியும். இவ்வளவு அக்கறையோடுதான் உருட்டினேன். என்னிடம் இல்லாதது வேறு ஒன்று. அது என்ன என்று பிர்சிக்குக்குத் தெரியும், அதே 24-ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதியும் இருக்கிறார். அனுபவம் உள்ளவராக இருந்தால் இந்த இடத்தில் ஊடுருவும் எண்ணெயும் இம்பாக்ட் ட்ரைவரும் எடுத்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு அனுபவம் இல்லை என்று வைத்துக்கொள்வோம் எனத் தாண்டிப் போய்விடுகிறார்.

எட்டு வருடம் முன்பு அந்த வாக்கியத்தை நான் கவனிக்கவே இல்லை. இப்போது அத்தியாயமே அதில்தான் தொங்குகிறது என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ள ஆள் உள்ளே வந்துவிட்டால் திருகாணி வெளியே வந்துவிடும், தத்துவத்துக்கு வேலை இருக்காது. அதனால் அந்த ஆளை ஒரு வாக்கியத்தில் வாசலோடு அனுப்பிவிடுகிறார். அந்த அனுபவம் எங்கே கிடைக்கிறது, யாரிடம் கிடைக்கிறது என்கிற கேள்வி அங்கே எழவே இல்லை. அது கிடைக்கும் இடம் பெரும்பாலும் ரேடியோ அலறும் பட்டறைதான்.

திங்கட்கிழமை காலை அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தெருமுனை மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். காரின் சக்கரம் கழன்று கிடக்கிறது, நான் எங்கே கொண்டுபோவது? அவரே சாக்குப்பையில் கருவிகளோடு மொபெட்டில் வந்தார். சட்டைப் பையில் போன், அதில் இளையராஜா பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் போல்ட்டைப் பார்க்கவில்லை. ஜாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்து இதை மட்டும் நம்பியா சார் அடியில படுத்திருந்தீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. கழற்றி ஓரமாக வைத்திருந்த சக்கரத்தை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினார். ஜாக் சறுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும், ஆள் மேல் உட்காராது. பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. போனை சைலன்ட்டில் போட்டு, திசையை மூன்று முறை சரிபார்த்த நான் அந்த ஒன்றை யோசிக்கவே இல்லை. அக்கறை என்று பிர்சிக்கும் நானும் நினைத்துக்கொண்டிருந்த பொருள் அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நான் எண்ணெயை போல்ட்டின் தலையில் அடித்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். தலைக்கு அடியில் பிராக்கெட் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, அந்த வழியாக எண்ணெய் மறைக்குப் போகாது. போல்ட்டின் மறுமுனை துளைக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு எண்ணெய் விட்டார். மறை அங்கேதான் திறந்திருக்கிறது. சுத்தியலால் தலையில் நேராக நாலைந்து அடி. கோபத்தில் அடிப்பதில்லை அது, அந்த அதிர்வில் துருவின் பிடி நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். பிறகு டீ குடிக்கப் போனார். நானும் போனேன். அரை மணி நேரம் கழித்து வந்து மறுபடி எண்ணெய், மறுபடி அடி.

காஸ் டார்ச் வைத்துச் சூடு பண்ணலாமே என்று கேட்டேன், யூடியூப் அறிவு. சூட்டில் உலோகம் விரியும் என்பது சரிதான். 10 எம்எம் எஃகு 200 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு விரியும். துருவின் பிடியை உடைக்க அதுவே போதும். அவர் தலையாட்டினார். "பக்கத்துல பிரேக் ஓஸ், ரப்பர் பூட்டு எல்லாம் இருக்கு சார். அது வேணாம்." அதன் பிறகு ஆறு மூலை சாக்கெட், 14 இல்லை, 13. உருண்டு சிறுத்துப்போன தலைமேல் அதைச் சுத்தியலால் அடித்து இறக்கினார். நீளக் கைப்பிடி மாட்டினார். முதலில் கழற்றும் பக்கம் திருப்பவில்லை. முடுக்கும் பக்கம் மிக லேசாக ஒரு அழுத்து. பிறகுதான் இந்தப் பக்கம். 'டக்' என்று ஒரு சத்தம். கால் சுற்று வந்ததும் நிறுத்தி, பாதி திரும்ப உள்ளே விட்டு, மறுபடி வெளியே. உடைந்த துருத்தூள் மறையில் சிக்காமல் இருக்க அப்படி. இதுவும் கேட்கவில்லை என்றால் தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகிவிடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார், அதற்குத் தேவைப்படவில்லை.

"அந்த டக்குனு சத்தம் வந்தா விட்டுக்குடுத்துருச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம கொழகொழன்னு வந்தா ஒண்ணு தலை உருளுது, இல்ல கழுத்து முறுகுது. அங்கேயே கையை எடுத்துரணும் சார்."

பிர்சிக்கோடு எனக்கு இருக்கும் முக்கியமான சண்டை இந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. சிக்கி நிற்கும்போது சும்மா இரு என்கிறார் அவர். ஆனால் சிக்கிவிட்டோம் என்று தெரியும்போது தலை உருண்டு முடிந்துவிட்டது. நிறுத்த வேண்டிய இடம் அதற்கு முந்தைய இழுப்பு, நான் 'ஆஹா, வருது' என்று சந்தோஷப்பட்ட அந்த இழுப்பு. அந்த நேரத்தில் நான் சிக்கியிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது, ஆகவே தியானம் செய்யவும் காரணமில்லை. குழகுழப்புக்கும் 'டக்'குக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தைக் கையும் காதும் கற்றிருந்தால்தான் அங்கே நிறுத்த முடியும். எங்கே கற்றீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "எத்தனை போல்ட்டை உருட்டியிருப்பேன் சார் சின்ன வயசுல! எங்க முதலாளி ஸ்பேனராலயே முட்டியில போடுவாரு."

அந்த இரண்டாம் அத்தியாயப் பையன் அப்படி ஒரு சின்ன வயதில் இருந்தவனாக இருக்கலாம் இல்லையா? அவன் பக்கத்தில் ஒரு முதலாளி நின்று கையை எடு என்று சொல்லவில்லை என்பது அந்தப் பட்டறையின் குறை. அந்தப் பையனின் ஆன்மாவில் குறை என்று எடுத்துக்கொள்ள எனக்கு இப்போது மனமில்லை. 2009-இல் மாத்யூ க்ராஃபர்ட் எழுதிய 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' இந்தக் காட்சியை எடுத்துப் பேசுகிறது. தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியபின் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர் க்ராஃபர்ட். பையன்கள் விஷயத்தில் அவரும் பிர்சிக் பக்கம்தான். ஆனால் தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த மெக்கானிக்குக்கு அவர் புத்தகத்தில் இடம் இருக்கிறது. பிர்சிக்கின் புத்தகத்தில் வண்டியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதாகப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வெல்டர் வருகிறார். செயின் மூடியின் மெல்லிய தகட்டை அழகாகப் பற்றவைத்து ஒரு டாலர் வாங்கிக்கொள்கிறார், பாராட்டினால் சங்கடப்படுகிறார். அந்தப் பக்கம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அவரிடம் பிர்சிக் கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்ள உட்காரவில்லை. பார்த்து வியந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

26-ஆம் அத்தியாயத்தில் நம்ம ஊர்ப் பொறி ஒன்றும் வருகிறது. தென்னிந்தியக் குரங்குப் பொறி என்று சொல்கிறார். குடைந்த தேங்காய்க்குள் அரிசி, துளைக்குள் வெறுங்கை போகும், அரிசியோடு மூடிய கை வெளியே வராது. குரங்கு அரிசியை விடாமல் மாட்டிக்கொள்ளும். மதிப்பீடுகளில் இறுகிப்போனவர்களுக்கு இதை உவமையாக வைக்கிறார் பிர்சிக். 'குரங்குப் பிடி' என்று நாம் சொல்வதும் விடாப்பிடியைத்தான். உவமை என் மூன்றாவது இழுப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஒரு கேள்வி. கையைத் திற என்று குரங்குக்கு யார் சொல்வது? சற்று நிதானித்து அரிசியின் மதிப்பைத் திரும்ப யோசித்துப் பார் என்று குரங்குக்கு அறிவுரை சொல்ல முயல்கிறார் பிர்சிக். முன்பு ஒரு முறை மாட்டித் தப்பித்த கிழட்டுக் குரங்கு ஒன்று பக்கத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

எதை வாபஸ் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையேடுகள் எல்லா போல்ட்டும் புது போல்ட் என்று நினைத்து எழுதப்படுகின்றன, அவற்றில் காலமும் துருவும் இல்லை. இதைக் கண்டு சொன்னவர் பிர்சிக், அவரே கையேடு எழுதிப் பிழைத்தவர். ஒரு திருகாணியின் விலை முழு வண்டி என்பதும் உண்மை. என் புது போல்ட்டின் விலை ஐம்பது ரூபாய்க்குள்தான், அது இல்லாமல் கார் இரண்டு நாள் ஜாக்கில் நின்றது. வாபஸ் வாங்குவது ஒன்றைத்தான். தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவனிடம்தான் அக்கறை இருக்கும், பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறவனிடம் இருக்காது என்பதை நான் அந்தப் பழைய குறிப்பில் என் சொந்தக் கருத்தாகவே எழுதி, நம் ஊர்ப் பட்டறைகளைப் பற்றி இரண்டு நக்கலான வரிகளும் சேர்த்திருந்தேன். அந்த வரிகளை அழிக்கவில்லை. மேலே இந்தக் குறிப்புக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்து டிஸ்க் பாக்கி இருக்கிறது. அந்தப் பக்கக் கீழ் போல்ட்டின் மறுமுனையைத் தேய்த்து மூன்று நாளாக எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு மூலை சாக்கெட் வாங்கிவிட்டேன், இரண்டு ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலை. அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திருகப் போவது நான், பக்கத்தில் உட்கார்ந்து கையை எடு என்று சொல்லப் போவது அவர்.